எருமைக்கு ஒரு பொத்தான்

பாலசமுத்திரம்,
திங்கட்கிழமை.

அன்பும் அறிவும், அதிலும் அறிவு தேவைக்கு மேலேயே நிறைந்த தம்பி கிஷோருக்கு,

உன் அக்கா சுமித்ரா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் என் மாமனாரும் சுகம். குவைத்தில் உன் மாமாவும் சுகம். திருப்பதி ஹாஸ்டலில் தரணியும் சுகம். பெங்களூரில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் குலதெய்வத்தைத் தினமும் கும்பிடுகிறேன். ஏனென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ தலைவலி, வயிற்றுவலி எதுவும் சொல்லாமல் இங்கே வந்து, பொங்கல் லீவில் மாட்டிவிட்டுப் போன மீட்டர்களை உன் கையாலேயே கழற்றிக்கொண்டு போக வேண்டும். இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். வாட்ஸப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். முழுவதும் படி.

முதலில் நீ செய்ததை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். நம் போர்வெல்லில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, குவைத்தில் லாரி ஓட்டினாலும் எனக்கு நினைப்பெல்லாம் அந்த போர் மேலேயே இருக்கிறது என்று உன் மாமா உன்னிடம் புலம்பினார். நீ உடனே சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, போரிலிருந்து தொட்டிக்கு வரும் பைப்பில் ஒன்று, சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கொல்லைக் குழாய்க்கு ஒன்று என்று நான்கு மீட்டர் மாட்டினாய். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம், தண்ணீர் போனால் சுற்றும், சுற்றுவதை எண்ணும் என்றாய். எண்ணியதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள சோப்பு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டரை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாய். எவ்வளவு பெருமை உன் முகத்தில்! "இதுக்கு யாரையும் கேட்கத் தேவையில்லக்கா, எல்லாம் ஓப்பன் சோர்ஸு. உலகத்துல யாரு வேணாலும் தொறந்து பார்க்கலாம்" என்றாய். நானும் தலையாட்டினேன். யாரு வேணாலும் என்று நீ சொன்னது உண்மையிலேயே யாரு வேணாலும்தான் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

அதோடு விட்டாயா? தண்ணீர் எவ்வளவு போயிற்று என்று தெரிந்தால் போதாதாம், எதற்குப் போயிற்று என்றும் தெரிய வேண்டுமாம். போனில் குளியல், சமையல், பாத்திரம், துணி, செடி என்று வரிசையாகப் பொத்தான் வைத்து, தண்ணீர் ஓடுவதைக் காட்டும் கோடு மேலே ஏறும்போதெல்லாம் எதற்கென்று அமுக்கச் சொன்னாய். அதே கோடு குவைத்தில் உன் மாமா போனிலும், ஹாஸ்டலில் தரணி போனிலும் தெரியும்படி வேறு செய்தாய். ஈரக் கையோடு போனை அமுக்கி அமுக்கி அதன் கண்ணாடி மங்கியே போய்விட்டது.

என் மாமனார் ரங்கையாவைத்தான் உனக்குத் தெரியுமே. சோப்பு டப்பாவில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்தவர் "இந்த லெக்கல்லாம் எந்த ஆபீசுக்கும்மா போவுது?" என்று கேட்டார். கணக்கு எந்த ஆபீசுக்கும் போகாது, நமக்குத்தான் என்றேன். "நமக்கு எதுக்கு? நாம குளிச்சது நமக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து வீட்டுக் குழாயைத் தொடுவதை நிறுத்திவிட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் பம்புசெட்டுக்கு நடக்கிறார். கேட்பவர் யாரிடமும் மருமகள் தண்ணீர் கொடுப்பதில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் துண்டோடு நடந்து போகிற ஒரு பெரியவரைப் பார்த்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்?

அது கிடக்கட்டும். குவைத்துக்கு வருகிறேன். உன் மாமாவின் ரூமில் ஆறு பேர், ஆறு பேரும் நம் சித்தூர் பக்கம். வேலை முடிந்து வந்தால் மற்ற ரூம்களில் கிரிக்கெட் பார்க்கிறார்கள், இவர்கள் என் குழாயைப் பார்க்கிறார்கள். உன் மாமா பகலெல்லாம் பாலைவனத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், வீட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்குகிறதாம். முதலில் அவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பின்னாலிருந்து குரல்கள் வர ஆரம்பித்தன. "வதினெ, இன்னிக்கு வூட்டுக்கு விருந்தாளி வந்தாங்களா? பாத்திரம் ஜாஸ்தி ஓடிச்சே!" என்று ஒரு குரல். அது வடமாலபேட்டை கோவர்த்தனன், நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி என்னை வதினெ என்றுதான் கூப்பிடுவார். "அண்ணி, வெள்ளிக்கிழமை ஆச்சே, தலைக்கு ஊத்தலையா?" என்று இன்னொரு குரல். அது கங்காதர நெல்லூர் சிவசங்கரன். நான் தலைக்குக் குளிக்கிற நாளை ஒரு ரூமே காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு துண்டை எடுத்து உன் சோப்பு டப்பா மேல் போட்டு மூடினேன். துண்டு போட்டால் அதற்குக் கண் தெரியாது என்று நினைத்தேன். அரை மணியில் உன் மாமா போன்: "இன்னா சுமித்ரா, துணி தோய்க்க ஆரம்பிச்சிட்டியா?" தரணி வேறு ஹாஸ்டலிலிருந்து "அம்மா, இன்னும் பாத்திரம் கழுவலையா நீ" என்று கேட்டாள். பெற்ற மகள்!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் தம்பி. சித்திரையில்தான் விஷயம் பெரிதாயிற்று.

பக்கத்து வீட்டு ஆதிநாராயணன் உன் மாமாவுக்கு எப்படிப்பட்ட சிநேகிதன் என்று உனக்குத் தெரியும். ஒரே தட்டில் சோறு துன்னவர்கள். நம் வீட்டு பைப் லைன் முழுவதும் இரண்டு பேரும் சேர்ந்து போட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆதி அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம், நம் போருக்கு நேர் எதிரிலேயே ஒரு போர் போட்டார். உன் மாமா அந்த வருஷம் லீவில் வந்து பார்த்துவிட்டு, "என் தண்ணியத் திருடத்தானடா போட்ட" என்று கேட்க, அவர் ஏதோ சொல்ல, இவர் ஏதோ சொல்ல, கடைசியில் "என் தொட்டியிலருந்து ஒரு சொட்டு அவன் வூட்டுக்குப் போவக்கூடாது" என்று என்னைச் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துச் சொல்லிவிட்டு ஏரோப்பிளேன் ஏறினார். ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானும் ஆதி அண்ணன் மனைவி லட்சுமம்மா அக்காவும் தெருவில் பேசுவதை நிறுத்தினோம். சுவரோரம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அங்கே யாரும் பார்க்க மாட்டார்கள்.

சித்திரை வெயிலில் அவர்கள் போர் காற்றுதான் விட்டது. லட்சுமம்மா அக்கா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து பம்புக்கு வெயிலில் நடந்தார். அவர் இரண்டாம் தடவை போய் வந்ததைப் பார்த்ததும் நான் கொல்லைக் குழாயில் ஹோஸை மாட்டி சுவருக்கு மேலே போட்டேன். அவ்வளவுதான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? மத்தியானம் தெரு அடங்கினதும் ஹோஸ் போகும், அவர்கள் தொட்டி நிரம்பும், ஹோஸ் திரும்பி வரும். ஆனால் அங்கே குவைத்தில் கொல்லைக் குழாய்க் கோடு நம் ஊர் மலை மாதிரி எழுந்து நின்றுவிட்டதே!

உன் மாமா மூன்றாம் நாளே பிடித்துவிட்டார். "மத்தியானத்துல கொல்லைல இன்னா அவ்ளோ தண்ணி?" அந்த நேரம் பார்த்து சுவருக்கு அந்தப் பக்கம் லட்சுமம்மா அக்காவின் எருமை வாயைத் திறந்து ஒரு கத்தல் கத்தியது.

"இன்னா சத்தம் அது?"

"எருமை."

"யாரு எருமை?"

"நம்ம எருமைதான்" என்றேன்.

நான் சொல்லவில்லை தம்பி, என் வாய் சொன்னது. திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ, "டேய், எங்க வூட்ல எருமை வாங்கிட்டாங்கடா!" என்று ரூம் முழுக்கக் கேட்கக் கத்தினார். ஆறு பேரும் கைதட்டினார்கள். பெயர் வைக்க வேண்டும் என்றார்கள். ரூமில் ஓட்டெடுப்பு நடந்தது. கோவர்த்தனன் சொன்ன "யமுனா" ஜெயித்தது. வீடியோவில் காட்டச் சொன்னார்கள், சுவருக்கு மேல் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அன்று முதல் உன் மாமா போன் எடுத்தால் முதல் கேள்வி, "யமுனாவுக்குத் தண்ணி காட்டினியா?" என் சாப்பாடு அதற்கு அப்புறம்தான்.

இதில் உன் பங்கை நீ மறந்திருப்பாய். ஹோஸ் தண்ணீருக்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் நான் உனக்குப் போன் செய்து, எருமை என்று ஒரு பொத்தான் வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாயா? "சூப்பர்க்கா, நல்ல டேட்டா" என்று சாயங்காலத்துக்குள் போட்டுக் கொடுத்தாய். போட்டதை ஊருலகம் பார்க்க இண்டர்நெட்டிலும் ஏற்றினாய். எங்கோ குளிர்ந்த தேசத்தில் தண்ணீர் ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஒரு இந்திய எருமை தினமும் ஒரே நேரத்தில் ஒரு குடும்பம் குளிக்கிற அளவு தண்ணீரை எப்படிச் செலவழிக்கிறது என்று கேட்டு உனக்கு எழுத, நீ "எங்க அக்கா எருமைய ரொம்ப சுத்தமா வெச்சிருப்பாங்க" என்று பதில் எழுதினாயாம். அதை எனக்கே பெருமையாகப் படித்துக் காட்டினாய். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியாமல் சொன்ன பொய் கடல் கடந்து போய் ஆராய்ச்சியாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் கோவர்த்தனன் லீவில் வந்தார். வடமாலபேட்டையில் சொந்த வீட்டில் இரண்டு நாள்கூட உட்காரவில்லை. போன செவ்வாய்க்கிழமை பேரீச்சம்பழமும், எருமை தேய்க்க நீலக் கலரில் ஒரு பெரிய பிரஷும் எடுத்துக்கொண்டு, "வதினெ, யமுனாவ பார்க்க வந்துக்கினு இருக்கேன், கார்வேட்டிநகரம் தாண்டிட்டேன்" என்று வழியிலிருந்து போன். நான் சுவரோரம் ஓடினேன். லட்சுமம்மா அக்கா விஷயத்தைக் கேட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார். எருமையைக் கொடுக்கத் தயார்தான், ஆனால் அது ஆதி அண்ணன் பிடித்தால்தான் நகரும். அவர் மூன்று வருஷமாக நம் வாசலை மிதிக்காதவர். தன் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரிந்தும் தெரியாதவர் போலக் குளித்துக்கொண்டிருந்தவர். லட்சுமம்மா அக்கா உள்ளே போய் என்ன சொன்னாரோ, ஆதி அண்ணன் தலையில் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு எருமையோடு நம் கேட்டுக்குள் வந்தார். "நான் மாடு மேய்க்கிற ஆளு. வாயத் தொறக்க மாட்டேன். சரியா?" என்றார். கட்டுவதற்கு நம் கொல்லையில் முளை ஏது? குழாய் பைப்பிலேயே கட்டினார்.

கோவர்த்தனன் வந்தார். எருமையைச் சுற்றி வந்தார். "இன்னா வதினெ, இத்தன மாசமா எருமை இருக்குது, ஒரு முளைகூட அடிக்கலையா?" என்றார். நான் காபி குடிக்கச் சொன்னேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, நான் தடுப்பதற்குள் குவைத்துக்கு வீடியோ போட்டுவிட்டார். "அண்ணா, பாரு உன் யமுனா!" ரூமில் மிச்சமிருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் "யமுனா!" என்று கூப்பிட்டார்கள். தன் பெயர் யமுனா என்று அந்த எருமைக்கு யார் சொன்னது? போனுக்குள்ளிருந்து ஐந்து ஆண்கள் கத்தியதைக் கேட்டு மிரண்டு, ஒரே இழுப்பு. பைப், மீட்டர், குழாய் எல்லாம் பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் கொய்யா மரத்தின் உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. ஆதி அண்ணனின் முக்காடு பறந்து போயிற்று. கோவர்த்தனன் தலையிலிருந்து கால் வரை நனைந்தும் போனை மட்டும் கீழே போடவில்லை. போனுக்குள் சிவசங்கரன் கத்துகிறார், "அண்ணா, பயப்படாத! கிராஃப்ல ஜீரோதான் காட்டுது! தண்ணியே போவலையாம்!" இந்தக் கூத்தில் எங்கிருந்தோ வந்த என் மாமனார் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஊற்றுக்கு அடியில் போய் நின்றார். "மீட்டரே போச்சி. இதுக்கு லெக்க இல்ல" என்று முதுகைக் காட்டிச் சந்தோஷமாகக் குளிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது உன் மாமாவின் குரல் கேட்டது. "டேய் ஆதி! தொட்டி காலியாவுதுடா! கொய்யா மரத்தாண்ட வால்வு, எடப்பக்கம் சுத்து!"

ஆதி அண்ணன் ஓடிக்கொண்டே, "எடப்பக்கம் சுத்தினா தொறக்கும்டா முட்டாளே, வலப்பக்கம்! அந்த வால்வ வெச்சதே நான்தான்!" என்றார். குனிந்து, சுற்றி, மூடினார். தண்ணீர் நின்றது. இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் இரண்டு பேருக்கும், தாங்கள் பேசிவிட்டது உறைத்தது போல. கோவர்த்தனன் ஒன்றும் புரியாமல் போனை ஆதி அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாமி படத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தை, மூன்று வருஷத்துக் கோபம், எல்லாம் இப்போது வெடிக்கும் என்று லட்சுமம்மா அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

உன் மாமாதான் வாயைத் திறந்தார். "நல்லாகிறியாடா?"

"நனைஞ்சிகிறேன்" என்றார் ஆதி அண்ணன்.

அவ்வளவுதான் தம்பி. ரூமில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், இங்கே நாங்களும் சிரித்தோம், லட்சுமம்மா அக்கா மட்டும் கொஞ்சம் அழுதார். உன் மாமா சொன்னார்: "உன் போர் நின்ன வாரத்துலருந்து என் தொட்டி சீக்கிரம் ரொம்புதுடா ஆதி. கோட்டப் பாத்துக்கினேதான் இருந்தேன். ரெண்டும் ஒரே ஊத்து. உன் தண்ணிதான் என் தொட்டியில வியுது. ஹோஸப் போட்டுக்கினு புடிச்சிக்கோ." ஆதி அண்ணன் ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "அப்போ மூணு வருஷமா நாம இன்னாத்துக்குடா சண்ட போட்டோம்?" என்றார்.

நல்லதுதானே அக்கா, அப்புறம் எதற்குக் கழற்றச் சொல்கிறாய் என்று கேட்பாய். சொல்கிறேன். செவ்வாயிலிருந்து அந்த இரண்டு பேரும் பேசுகிறார்கள். விட்ட மூன்று வருஷத்தையும் பேசுகிறார்கள். எப்போது கூப்பிட்டாலும் உன் மாமா லைனில் இல்லை, ஆதியோடு கிராஃப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் மாமனார் மீட்டர் இல்லாத அந்த ஓட்டை பைப்பில் மட்டும்தான் குளிப்பேன், அதை யாரும் சரி செய்யக்கூடாது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே எருமை நம்முடையது என்றுதான் உன் மாமா இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆதி அண்ணனை நான் மேய்க்க வைத்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு நேரத்துக்குச் சோறு போடு என்கிறார். லீவில் வந்து கொட்டகை எங்கே என்று கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? ஆகவே நீ வந்து மீட்டரைக் கழற்று, சோப்பு டப்பாவை எடு, அந்த ஆராய்ச்சி அம்மாளுக்கு எருமை காலமாகிவிட்டது என்று எழுதிவிடு. அதோடு இந்த விஷயம் முடியட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடி போடாமல் கம்ப்யூட்டர் பார்க்காதே. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெண்டாட்டியோடு, குழாயை எண்ணாத ஒரு வேலையோடு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். மாமனார் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அவர் விசாரித்த வார்த்தைகளை எழுதவில்லை.

இப்படிக்கு,
பாசமுள்ள அக்கா,
சுமித்ரா

பின்குறிப்பு: மச்சான், இது ஏழுமலை. சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டு இன்று காலை வந்து இறங்கினேன். உங்க அக்கா நேற்று எழுதின கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு எனக்கு இட்லி ஊற்றப் போனாள், நான் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டேன். நீ எதையும் கழற்றாதே. சுவருக்கு மேலே காட்டினாளே ஒரு எருமை, அதைக் கன்றுக்குட்டியாகச் சந்தையில் பிடித்து ஓட்டிக்கொண்டு வந்ததே நானும் ஆதியும்தான். அந்தக் கோணக் கொம்பு எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும், ஆதி போர் நின்றுபோய் நம் தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம் போகிறது என்றும் அப்போதே புரிந்தது. சாமி படத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையை நானே எப்படி மாற்றுவது? அதனால்தான் ஊமையாக இருந்தேன். தினமும் யமுனாவுக்குத் தண்ணீர் காட்டினியா என்று கேட்டேனே, ஆதி வீட்டுத் தொட்டி நிரம்பியதா என்று வேறு எப்படிக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, வரும்போது இன்னும் இரண்டு மீட்டர் எடுத்துக்கொண்டு வா, ஆதி வீட்டுக்கும் மாட்ட வேண்டும். நாட்டுக்கோழி அடிக்கப் போகிறோம், வயிறு ரொம்பத் துன்னுட்டுப் போகலாம். உங்க அக்கா பின்னால நின்னுக்கினு படிக்கிறா. கையில கரண்டி இருக்குது. நான் எழுந்து ஓட